இன்ஜினுக்குப் பொருந்தும் கியர்பாக்ஸ்: எங்கிருந்து கணக்கைத் தொடங்குவது?

1969-ஆம் ஆண்டின் ஷெவர்லே கமாரோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 5.7 லிட்டர் வி8 இன்ஜினும், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் நான்கு கியர் கொண்ட மன்சி எம்21 கியர்பாக்ஸும், 3.73 விகிதமுள்ள பின் அச்சும் (சக்கரம் ஒருமுறை சுழல, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.73 முறை சுழல வேண்டும்) இருக்கின்றன. டயரின் விட்டம் 66 சென்டிமீட்டர் என்றால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 முறை சுழலும். நான்காம் கியரின் விகிதம் 1.00 என்பதால், அந்த வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றாக வேண்டும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் இப்படி ஓடினால் இரைச்சலும் பெட்ரோல் செலவும் தாங்க முடியாதவையாகிவிடும் என்பதால்தான், இத்தகைய பழைய கார்களை வைத்திருப்போர் ஓவர்டிரைவ் (விகிதம் 1.00-க்கும் குறைவான உயர் கியர்) உள்ள ஐந்து அல்லது ஆறு கியர் பெட்டிக்கு மாற விரும்புகிறார்கள். ஆனால் எத்தனை கியர் வேண்டும் என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. இன்ஜின் எவ்வளவு முறுக்குவிசை (தண்டைத் திருப்பும் விசை) தருகிறது, அதை எந்தச் சுழற்சி வேகத்தில் தருகிறது என்பவையே முதலில் தெரிய வேண்டியவை.

கியர்பாக்ஸின் தாங்குதிறன் குதிரைத்திறனில் அல்லாமல் முறுக்குவிசையில் குறிக்கப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பல் இன்னொரு பல்லை எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்பதை முறுக்குவிசையும் பற்சக்கரத்தின் ஆரமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதற்கு அதில் பங்கில்லை. ஆகவே, இணையாக ஓடும் இரண்டு தண்டுகளுக்கு இடையிலுள்ள தூரம் கூடினால் பற்சக்கரங்களின் ஆரமும் கூடி, அதே முறுக்குவிசைக்குப் பற்களின் மேல் விழும் சுமை குறைகிறது. டி-5 என்னும் ஐந்து கியர் பெட்டியில் இத்தூரம் 77 மில்லிமீட்டர். கியர்பாக்ஸ் தயாரிக்கும் ட்ரெமெக் நிறுவனத்தின் ஆறு கியர் மேக்னம் பெட்டியில் 85 மில்லிமீட்டர். பற்களின் அகலம், எஃகின் தரம், உறையின் விறைப்பு ஆகியவையும் இதனோடு சேர, டி-5 வகைகள் 360 முதல் 450 நியூட்டன் மீட்டர் வரையும், மேக்னம் சுமார் 950 நியூட்டன் மீட்டர் வரையும் தாங்குவதாகக் குறிக்கப்படுகின்றன.

இதில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று, முதல் கியரின் விகிதத்துக்கும் பெட்டியின் வலிமைக்கும் உள்ள தொடர்பு. தண்டுகளுக்கு இடையிலுள்ள தூரம் மாறாமல் விகிதத்தை மட்டும் உயர்த்த வேண்டுமானால், கீழ்த்தண்டிலுள்ள பற்சக்கரத்தைச் சிறிதாக்கியே ஆக வேண்டும். சிறிய சக்கரத்தின் பற்களில் விசை மிகும், தண்டுகளை விலக்கித் தள்ளும் விசையும் மிகும். 1980-களின் இறுதியில் ஃபோர்டு மஸ்டாங்கில் வந்த டி-5 பெட்டியின் முதல் கியர் 3.35, பின்னர் தனியாக விற்கப்பட்ட வலுவான இசட் வகையில் அது 2.95. இசட் வகையின் தாங்குதிறன் கூடியதற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம்.

குறிக்கப்பட்ட எண்ணை அப்படியே நம்புவதும் தவறு, அதைக் கண்டு அஞ்சுவதும் தவறு. 1987-இல் மஸ்டாங்கின் 5.0 லிட்டர் இன்ஜின் சுமார் 407 நியூட்டன் மீட்டர் தந்தது. அதோடு இணைந்த டி-5 பெட்டிக்கு 359 என்றே குறிக்கப்பட்டிருந்தது. சாலையில் அவை பெரும்பாலும் பிழைத்ததற்குக் காரணம் டயர்தான். கிளட்சைத் திடீரென விடும்போது சக்கரம் வழுக்கினால், பெட்டிக்குள் ஏறும் விசை அந்த வழுக்கலோடு நின்றுவிடும். அதே காரில் பந்தயத்துக்கான ஒட்டும் டயர்களைப் பூட்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. என் கருத்தில், இன்ஜினின் திறனைச் சற்றுக் கூட்டுவதைவிட டயரை மாற்றுவதே சிறிய கியர்பாக்ஸுக்குப் பெரிய ஆபத்து.

தாங்குதிறனுக்கு அடுத்தது விகிதங்கள். முதல் கியரின் விகிதத்தைப் பின் அச்சின் விகிதத்தால் பெருக்கினால் கிடைக்கும் எண், கார் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு எளிதாக நகரும் என்பதைக் காட்டும். சாலையில் ஓடும் காருக்கு அது 10-ஐ ஒட்டி இருப்பது வசதியானது. நம் கமாரோவில் 2.20 × 3.73, அதாவது 8.2 மட்டுமே, கிளட்சைச் சற்று அதிகமாகத் தேய்த்துத்தான் கிளம்ப வேண்டியிருக்கும். ட்ரெமெக்கின் டிகேஎக்ஸ் பெட்டி இரண்டு விதமான முதல் கியரோடு கிடைக்கிறது. 2.87 என்றால் பெருக்கற்பலன் 10.7 ஆகும், 3.27 என்றால் 12.2 ஆகி, முதல் கியர் சாலைச் சந்திப்பைக் கடப்பதற்குள்ளேயே தீர்ந்துவிடும். ஆனால் பின் அச்சு 3.08 ஆக இருந்திருந்தால், 3.27 தான் சரியான தேர்வாக இருந்திருக்கும்.

கியர்களுக்கு இடையிலுள்ள இடைவெளி இன்ஜினின் குணத்தைப் பொறுத்தது. கீழ்ச்சுழற்சியிலேயே இழுக்கும் பெரிய வி8 இன்ஜினுக்கு அகன்ற இடைவெளி ஒரு குறையல்ல. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டை மாற்றி, 4,500 சுழற்சிக்கு மேல்தான் விழித்துக்கொள்ளும்படி அமைத்த இன்ஜினுக்கோ, ஒவ்வொரு மாற்றத்திலும் சுழற்சி அந்த எல்லைக்குக் கீழே விழாதிருக்க வேண்டும். மன்சி பெட்டிகளையே ஒப்பிட்டுப் பார்க்கலாம். எம்20-இன் விகிதங்கள் 2.52, 1.88, 1.46, 1.00, எம்21-இன் விகிதங்கள் 2.20, 1.64, 1.28, 1.00. முன்னது அகன்றது, பின்னது நெருக்கமானது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால், முதல் இரண்டு மாற்றங்களிலும் இரண்டுக்கும் இடையே வேறுபாடு அநேகமாக இல்லை. 6,500 சுழற்சியில் மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றும்போதுதான் அது வெளிப்படுகிறது: எம்21-இல் இன்ஜின் சுமார் 5,080-க்கு இறங்குகிறது, எம்20-இல் 4,450-க்கு விழுகிறது. எம்22 பெட்டியின் விகிதங்களும் எம்21-இன் விகிதங்களே. பற்களின் சாய்கோணத்தைக் குறைத்து அதை வலுவாக்கினார்கள், அதற்கு விலையாக இரைச்சல் கூடியது.

ஓவர்டிரைவைத் தேர்வதிலும் இன்ஜினே வழிகாட்ட வேண்டும். 3.73 அச்சோடு 0.68 ஐந்தாம் கியரைச் சேர்த்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் 3,000 சுழற்சி 2,040 ஆகக் குறைகிறது. இது மிகப் பொருத்தமானது. 3.08 அச்சோடு அதே கியரைச் சேர்த்தால் 1,680 ஆகிவிடும். முரட்டுக் கேம் தண்டுள்ள இன்ஜின் அந்த வேகத்தில் திக்கித் திணறும்; சிறு ஏற்றத்திலும் நான்காம் கியருக்கு இறங்க வேண்டியிருக்கும் என்பதால் ஓவர்டிரைவ் இருந்தும் பயனில்லை. அத்தகைய காருக்கு 0.81 விகிதமே போதும். 0.50 வரை இறங்கும் ஆறாம் கியர் எண்ணளவில் கவர்ச்சியானதுதான். அதை இழுக்கக்கூடிய இன்ஜின்கள் குறைவு.

வலிமைக்கு எடையும் இடமும் விலையாகின்றன. டி-5 சுமார் 34 கிலோ, டிகேஎக்ஸ் 45 கிலோ, மேக்னம் 60 கிலோவுக்கு மேல். கனமான பற்சக்கரங்களின் வேகத்தை ஒத்திசைப்பான் வளையங்கள் சமன்செய்ய அதிக நேரம் பிடிப்பதால், உயர்சுழற்சியில் கியர் விழுவது கடினமாகிறது. மேக்னம் பெட்டியைப் பழைய கார்களில் பொருத்தப் பெரும்பாலும் தரைத்தகட்டை வெட்ட வேண்டியிருக்கும். டிகேஎக்ஸ் அந்தச் சிக்கலைத் தவிர்க்கவே சிறிய உறையோடு வடிவமைக்கப்பட்டது. ஆகவே சுமார் 475 நியூட்டன் மீட்டர் தரும் நம் கமாரோவுக்கு டி-5 போதாது, மேக்னம் வேண்டியதில்லை. 813 நியூட்டன் மீட்டர் தாங்கும் டிகேஎக்ஸில், 2.87 முதல் கியரும் 0.68 ஐந்தாம் கியரும் உள்ள வகையே பொருந்தும். பொருத்துவதற்கு முன், கிளட்ச் உறையின் நடுத்துளை இன்ஜினின் கிராங்க் தண்டோடு நேர்கோட்டில் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்து அளந்துகொள்ள வேண்டும். கேஜின் முள் காட்டும் மொத்த விலகல் 0.13 மில்லிமீட்டருக்குள் இல்லாவிட்டால், எவ்வளவு சரியாகத் தேர்ந்தெடுத்த பெட்டியும் விரைவில் பேரிங் தேய்ந்து, கியர் மாற முரண்டு பிடிக்கத் தொடங்கும்.