காலைப் பிடிச்சு இழுக்குற நீர்ப்பேய்கள்: ஐரோப்பியக் கதைகளுக்குள்ள இருக்குற தண்ணியோட சயின்ஸ்

ஐரோப்பாவோட நீர்ப்பேய் கதைகளுக்கு சயின்ஸ் விளக்கம்னு யாராவது எழுதினா பெரும்பாலும் ரெண்டே வரில முடிச்சிடுறாங்க. கடல்கன்னினு பார்த்தது கடல்பசு, ஏரிப் பூதம்னு பார்த்தது மிதந்து வந்த மரக்கட்டை, அவ்ளோதான்னு. எனக்கு இந்த மாதிரி விளக்கத்துல திருப்தியே வர்றதில்ல. அந்தக் கதைகளை சொன்ன ஜனங்க பேயோட மூஞ்சி எப்படி இருக்கும்ங்கிறதை விட, அது எந்த தண்ணில இருக்கும், எப்போ வரும், எப்படி ஆளைப் பிடிக்கும்ங்கிறதைத்தான் ரொம்ப கவனமா சொல்லி வச்சிருக்காங்க. அந்த விவரங்களை எடுத்து, ஒரு ஆள் நிஜமா எப்படி தண்ணில மூழ்குறார்ங்கிற சயின்ஸுக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்தா ரெண்டும் ஆச்சரியமா பொருந்துது. எல்லா கதையும் இல்ல, ஆனா ஆளை உள்ள இழுக்குற வகைப் பேய்கள் விஷயத்துல நிறையவே பொருந்துது.

இங்கிலாந்தோட வடமேற்குல லங்காஷயர், செஷயர் பக்கம் ஜென்னி கிரீன்டீத்னு ஒரு கிழவி. பச்சைத் தோல், பச்சைப் பல்லு, குளத்துக்கு அடியில காத்துக்கிட்டு இருப்பா, கரைக்கு ரொம்பக் கிட்ட வர்ற பிள்ளைங்களை நீளமான கையால பிடிச்சு உள்ள இழுத்துடுவா. இதுல முக்கியமான விஷயம் என்னன்னா இவ எல்லா தண்ணிலயும் இருக்க மாட்டா, ஓடுற ஆத்துல இவளுக்கு வேலை கம்மி, மேல பச்சையா மூடிக்கிடக்குற தேங்கின குளம்தான் இவளோட இடம். அந்தப் பச்சை என்னன்னு பார்த்தா டக்வீட், அதாவது லெம்னாங்கிற ஒரு குட்டி மிதக்கும் செடி. ஒவ்வொரு இலையும் சில மில்லிமீட்டர்தான் இருக்கும், கீழ ஒரே ஒரு மெல்லிசான வேர் தொங்கும். அந்த ஊர்கள்ல நிறைய பேருக்கு ஜென்னிங்கிறது கிழவிகூட இல்ல, இந்தச் செடியோட பேரே அதுதான்னு நாட்டார் வழக்காறு ஆய்வாளர்கள் 1980கள்லயே பதிவு பண்ணியிருக்காங்க.

இந்தச் செடி பரவுற வேகத்தைப் பாருங்க. வெயிலும் சத்தும் நல்லா இருந்தா ரெண்டு மூணு நாள்ல ரெண்டு மடங்காகும். குளத்துல நூத்துல ஒரு பங்கு மட்டும் மூடியிருக்கு, மூணு நாளைக்கு ஒரு தடவை ரெட்டிப்பாகுதுன்னு வச்சுக்குவோம், அப்போ 1, 2, 4, 8ன்னு போய் சுமார் மூணு வாரத்துல மொத்தக் குளமும் மூடிடும். கடைசி மூணு நாள்ல மட்டும் பாதிக் குளம் திறந்திருந்த நிலைமைல இருந்து முழுசா மூடின நிலைமைக்கு வந்துடும். போன வாரம் தண்ணியா தெரிஞ்ச இடம் இந்த வாரம் புல்தரையா தெரியும், நாலு வயசுக் குழந்தைக்கு அது தரை இல்லன்னு யார் சொல்றது.

அடுத்து, உள்ள ஒண்ணு விழுந்தா என்ன ஆகும்ங்கிறது. விழுந்த இடத்துல பச்சை விலகும், உடனே திரும்பி மூடிக்கும். தண்ணி மேல மிதக்குற சின்னச் சின்ன பொருள்களைச் சுத்தி தண்ணிப் பரப்பு லேசா வளையும், அந்த வளைவும் பரப்பு இழுவிசையும் சேர்ந்து பக்கத்துல பக்கத்துல இருக்குற இலைகளை ஒண்ணை நோக்கி ஒண்ணு தள்ளிவிடும். அதனால ஓட்டை தானாவே அடைபடும். கரைல நிக்கிறவங்களுக்கு குழந்தை எந்த இடத்துல விழுந்துச்சுன்னே தெரியாது, உள்ளயும் வெளிச்சம் கம்மி, மேல எந்தப் பக்கம்னு தெரியாது. ஜென்னி வாயைத் திறந்து பிள்ளையை முழுங்கிட்டு வாயை மூடிக்கிட்டான்னு பார்த்தவங்க சொன்னா அது கண்ணால கண்டதை அப்படியே சொல்றதுதான்.

லங்காஷயர், செஷயர் பக்கம் இப்படிப்பட்ட குளங்கள் ஏன் இவ்ளோன்னா அதுல பெரும்பாலானவை குளமா வெட்டினதே இல்ல. சுண்ணாம்புச் சத்து இருக்குற களிமண்ணை, அதை மார்ல்னு சொல்வாங்க, வயல்ல உரமா போடுறதுக்காக விவசாயிகள் வயலுக்கு நடுவுலயே குழி வெட்டி எடுத்தாங்க, 18, 19ஆம் நூற்றாண்டுகள்ல இது ரொம்ப சாதாரணம். வேலை முடிஞ்சதும் குழி அப்படியே கிடக்கும், மழைத்தண்ணி ரொம்பிடும், ஆடுமாடு கழிவும் வயல் உரமும் வந்து சேரும், லெம்னாவுக்கு அதுதான் சாப்பாடு. இந்தக் குழியோட வடிவம்தான் ஆபத்தே. வண்டி இறங்கி ஏற ஒரு பக்கம் மட்டும் சரிவா இருக்கும், மண்ணை வெட்டி எடுத்த மத்த பக்கமெல்லாம் கிட்டத்தட்ட செங்குத்து. சரிவான பக்கத்துல விளையாடிப் பழகின பிள்ளை எதிர்ப்பக்கம் போய் ஒரு அடி வச்சா நேரா ஆழம்தான். கையைப் பிடிச்சு ஏற ஒண்ணும் இருக்காது, ஈரக் களிமண் வழுக்கும்.

கிழக்குப் பக்கம் டீஸ் ஆத்துக்கு வந்தா அங்க பெக் பவுலர். இவளும் பச்சை முடிக்காரி, இவளும் பிள்ளைங்களை இழுக்குறவதான், ஆனா இவ ஓடுற ஆத்துக்காரி. ஆத்துல மிதந்து வர்ற நுரைத் திட்டுகளை அந்த ஊர்க்காரங்க பெக் பவுலரோட சோப்பு நுரைன்னு சொல்வாங்க, மெல்லிசா படிஞ்சு வந்தா அது அவளோட பாலாடை. இந்த நுரை விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

டீஸ் ஆறு பென்னைன் மலைத்தொடர்ல கிராஸ் ஃபெல்ங்கிற இடத்துல, சுமார் 893 மீட்டர் உயர சிகரத்தோட சரிவுல பிறக்குது. அந்த மலை முழுக்க பீட், அதாவது மக்காத பாசியும் செடியும் ஆயிரக்கணக்கான வருஷமா அடுக்கடுக்கா படிஞ்ச கறுப்பு மண். அந்த மண்ணுல மழை விழுந்து வடியும்போது கரிமப் பொருள்கள் கரைஞ்சு வரும், அதனால தண்ணியே டீ டிக்காஷன் நிறத்துல இருக்கும். இந்தப் பொருள்கள்ல சில மூலக்கூறுகளோட ஒரு முனைக்கு தண்ணி பிடிக்கும், இன்னொரு முனைக்கு பிடிக்காது, சோப்பு வேலை செய்யுறதும் இதே முறைலதான். அந்தத் தண்ணி ஹை ஃபோர்ஸ் மாதிரி சுமார் 21 மீட்டர் அருவில விழுந்து காத்தை உள்ள அடிச்சுக்கும்போது குமிழி உடையாம நிலைச்சு நுரையா மிதந்து வரும். சாதாரண நாள்லயும் கொஞ்சம் நுரை இருக்கும். ஆனா மேல மலைல பெருமழை பெஞ்சா பீட்ல இருந்து இந்தப் பொருள்கள் கூடுதலா வரும், அருவில கலக்கலும் கூடும், நுரை திட்டுத் திட்டா அதிகமாகும்.

ஏற்கனவே ஊறி நிறைஞ்ச பீட் மண்ணுக்கு புது மழையை உறிஞ்ச இடமே கிடையாது, விழுற தண்ணி அப்படியே ஆத்துக்கு ஓடிடும். அதனால டீஸ் ஆறு ரொம்ப சீக்கிரம் பொங்குற ஆறுன்னு பேர் வாங்கினது, 1971ல கவ் கிரீன் அணை கட்டி முடிக்கிற வரைக்கும் திடீர்னு ஒரு தண்ணிச் சுவர் உருண்டு வர்றது அங்க தெரிஞ்ச விஷயம்தான். கீழ ஊர்ல வானம் தெளிவா இருக்கும், ஒரு சொட்டு மழை இருக்காது, பிள்ளைங்க ஆத்து நடுக்கல்லுல உக்காந்திருக்கும். அந்த நேரத்துல மேல மலைல என்ன நடக்குதுன்னு சொல்ல அந்தக் காலத்துல போனா இருந்துச்சு? நுரையும் கலங்கின நிறமும்தான் இருந்துச்சு. பெக் துணி துவைக்கிறா, கரைக்குப் போகாதேன்னு ஒரு பாட்டி சொல்றது இந்த ஆத்துக்கு அர்த்தமுள்ள எச்சரிக்கை.

இனி காலைப் பிடிக்கிற கைக்கு வருவோம். ஸ்காண்டிநேவியாவோட நெக், ஸ்லாவிய நாடுகளோட ரூசல்கா, இப்படி பல கதைகள்ல பிடி கீழ இருந்துதான் வரும், அதுவும் ஜில்லுனு வரும்.

கோடைல ஒரு வடக்கு ஏரியோட மேல்தண்ணி 20 டிகிரி வரைக்கும் சூடாகலாம். சூடான தண்ணி எடை குறைவு, மேலயே நிக்கும். காத்து அதை சில மீட்டர் ஆழத்துக்கு மட்டும் கலக்கும். அதுக்குக் கீழ ஒரு மெல்லிய அடுக்குக்குள்ள டெம்பரேச்சர் சடசடன்னு இறங்கும், ஆழமான ஏரின்னா அடில 4, 5 டிகிரிதான் இருக்கும், ஏன்னா நல்ல தண்ணி 4 டிகிரிலதான் அதிக அடர்த்தியா இருக்கும். மரங்கள் சூழ்ந்த, காத்து படாத சின்ன ஏரில இந்த அடுக்கு மேற்பரப்புக்கு ரொம்பக் கிட்டயே தொடங்கிடும், ஊத்துத்தண்ணி வந்து சேர்ற இடத்துலயும் அப்படித்தான். படுத்தபடி நீந்துற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. நின்னு இளைப்பாறலாம்னு உடம்பை நேரா ஆக்கினா இடுப்புக்கு மேல வெதுவெதுப்பு, கணுக்கால்ல ஐஸ்.

15 டிகிரிக்குக் கீழ இருக்குற தண்ணில திடீர்னு உடம்பு போனா தோல்ல இருக்குற குளிர் உணரும் நரம்புகள் ஒரே நேரத்துல கத்தும், நம்ம கட்டுப்பாடு இல்லாமலே ஒரு பெரிய மூச்சு உள்ள இழுக்கும், பெரியவங்களுக்கு அது ரெண்டு மூணு லிட்டர் இருக்கும். அந்த நொடில வாய் தண்ணிக்குள்ள இருந்தா இழுக்குறது காத்து இல்ல. இந்தக் குளிர் அதிர்ச்சி முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துலதான் உச்சம், மூச்சு தாறுமாறா ஓடும். குளிர்ல சாகுறதுன்னா உடம்பு விறைச்சு சாகுறதுன்னு நாம நினைக்கிறோம், ஆனா அது அரைமணி நேரத்துக்கு மேல ஆகுற விஷயம், நிறைய பேர் அதுக்கு ரொம்ப முன்னாடியே போயிடுறாங்க. அதிர்ச்சியைத் தாண்டினவங்களுக்கு அடுத்த ஆபத்து கை கால். ரத்தம் உள்பக்கம் ஒதுங்கும், தசையும் நரம்பும் குளிர்ந்து பலம் போகும், பத்து நிமிஷம் போல ஆகும்போது நீச்சல் வீச்சு குட்டையாகும், கால் கீழ தொங்க ஆரம்பிக்கும். குளிர் தண்ணில நீந்தவிட்டு அளந்த பரிசோதனைகள்லயே இதைப் பார்த்திருக்காங்க, நேரம் ஆக ஆக உடம்பு படுத்த நிலைமைல இருந்து செங்குத்தா மாறிக்கிட்டே வருது. அப்படித் தொங்குற கால் இன்னும் குளிர்ந்த அடுக்குக்குள்ள போகும். பிழைச்சு வந்தவர் ஜில்லுனு ஒரு கை காலைப் பிடிச்சு இழுத்துச்சுன்னு சொன்னா, அவரோட நரம்புகள் அவருக்குச் சொன்னதும் அதேதான்.

கடைசியா செக் நாட்டு வொட்னிக். இவர் பச்சைக் கோட்டு போட்ட ஆள், கோட்டோட நுனில இருந்து எப்பவும் தண்ணி சொட்டும், அதை வச்சுத்தான் சந்தைல ஆளைக் கண்டுபிடிப்பாங்க. மூழ்கினவங்களோட ஆன்மாவை மூடி போட்ட சின்ன ஜாடிகள்ல அடைச்சு வீட்டுல வரிசையா அடுக்கி வச்சிருப்பார், யாராவது மூடியைத் தூக்கினா ஆன்மா குமிழியா மேல போயிடும். 1853ல வந்த செக் கவிஞர் எர்பெனோட கதைப்பாடல் தொகுப்புல இவர் இருக்கார், செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக் 1896ல இவரை வச்சே இசை எழுதினார்.

குமிழிக்கு விளக்கம் சுலபம். குளத்து அடிச் சேத்துல ஆக்ஸிஜன் இல்லாத இடத்துல நுண்ணுயிரிகள் மக்குற பொருளைத் தின்னு மீத்தேன் விடும். 1776ல இத்தாலில மஜோரே ஏரிக்கரைல விஞ்ஞானி வோல்ட்டா ஒரு குச்சியால சேத்தைக் கிளறி, வந்த குமிழியைப் பிடிச்சு, அது எரியுதுன்னு காட்டினார். செக் நாட்டோட தெற்குல த்ரெபோன் பக்கம் 16ஆம் நூற்றாண்டுலயே வெட்டின மீன் குளங்கள் ஏராளம், அடில சேறுக்குப் பஞ்சமே இல்ல.

ஆனா வொட்னிக்கோட வீட்டு முகவரிதான் என்னை யோசிக்க வைக்குது. ஏரி நடுவுல இல்ல, பெரும்பாலும் மாவு அரைக்கிற தண்ணி ஆலைக்குப் பக்கத்துல, ஆத்துக்குக் குறுக்க கட்டின சின்ன தடுப்பணைக்குக் கீழ இருப்பார். அந்த அணை ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் உயரம்தான், பார்க்க சாந்தமா இருக்கும், படகுல மேல இருந்து வர்றவங்களுக்கு ஆத்துக்குக் குறுக்க ஒரு நேர்கோடு மட்டும்தான் தெரியும். தண்ணி அணையைத் தாண்டி விழும்போது வேகமெடுத்து நேரா அடிக்குப் போகுது, கொஞ்ச தூரம் தள்ளி மேல கொதிக்குற மாதிரி எழும்புது, எழும்பினதுல ஒரு பங்கு கீழ ஓடுது, மீதி மேற்பரப்போட திரும்பி அணையை நோக்கியே ஓடுது. அந்தக் கொதிக்குற இடத்துக்கும் அணைக்கும் நடுவுல மாட்டினவர் அணைப் பக்கம் இழுபடுவார், விழுற தண்ணி அவரை அமுக்கும், அடியோட தள்ளும், மேல வருவார், மறுபடி அணைக்கு. இதுக்கு மேல, அந்தத் தண்ணில காத்து நிறைய கலந்திருக்கும். மனுஷ உடம்பு தண்ணியை விட ரொம்பக் கொஞ்சம்தான் லேசு, தண்ணில பத்துல ஒரு பங்கு காத்துக் குமிழி கலந்தாலே மிதக்குற பலன் போயிடும். நல்லா நீச்சல் தெரிஞ்சவரும் மூழ்குவார், காப்பாத்தப் போனவரும் மாட்டுவார். ஒருத்தரை எடுத்து வச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறார்ங்கிற கதை இங்க எழுத்துக்கு எழுத்து உண்மை.

செக் கதைகள்ல ஆலைக்காரர் மட்டும் வொட்னிக்கோட சிநேகமா இருப்பார், சேர்ந்து குடிப்பாங்க, சீட்டு விளையாடுவாங்க. அந்த அணையோட ஒவ்வொரு சுழலும் தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தானே.

இந்தச் சுழலை உடைக்க வழி இருக்கு. தண்ணி செங்குத்தா விழாம சரிவுல இறங்குச்சுன்னா அடிக்குப் பாயாது, திரும்பி வர்ற ஓட்டம் வலு இழந்துடும். இப்போ பழைய தடுப்பணைகளுக்குக் கீழ பாறைகளைக் கொட்டி நீளமான சரிவு அமைக்கிறது இதுக்காகத்தான், மீன்களும் ஏறிப் போக முடியும். வல்டாவா ஆத்துல மரக்கட்டைத் தெப்பம் ஓட்டின காலத்துலயே தெப்பம் இறங்குறதுக்காக அணைகள்ல சாய்வான ஒரு வாய்க்கால் விட்டிருந்தாங்க, செஸ்கி க்ரூம்லோவ் ஊருக்குள்ள இன்னைக்கும் கோடைல கனூக்காரங்க அது வழியா சறுக்கி இறங்குறாங்க. ஆனா வாய்க்கால் பக்கம் மட்டும்தான் அந்தச் சலுகை, அதே அணையோட மீதி அகலத்துல தண்ணி பழைய மாதிரியேதான் விழுது, ஆத்துல வெள்ளம் கூடின நாள்ல அனுபவம் உள்ளவங்க படகைத் தூக்கிக்கிட்டு கரையோட நடந்து அணையைத் தாண்டுறாங்க.