கிடேரிக் கன்றுக்கு ஒரே ஒரு ஊசி

பாலக்கோடு பக்கம் எங்கள் அத்தை வீட்டில் ஒரு சினை மாடு ஏழாம் மாதத்திலேயே கன்று வீசிவிட்டது, அதாவது கரு கலைந்து விழுந்துவிட்டது. நஞ்சுக்கொடி விழவில்லை. அத்தை சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு வெறுங்கையாலேயே அதை எடுத்துப் போட்டார். சில வாரங்களில் அவருக்குக் காய்ச்சல். வரும், வேர்த்து விடும், மறுபடி வரும். இடுப்பும் மூட்டும் விட்டுவிட்டு வலித்தன. மாடு வளர்க்கிறோம் என்று டாக்டரிடம் சொன்ன பிறகுதான் அதற்கான ரத்தப் பரிசோதனை நடந்தது. கன்று வீச்சு நோய், அதாவது புரூசெல்லா. மாட்டிடமிருந்து அவருக்கு ஒட்டியிருந்தது.

இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, அதுவும் இலவசமாக. ஒன்றிய அரசு 2019இல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் பசு, எருமை இரண்டின் கிடேரிக் கன்றுகளுக்கும் இதைப் போடுகிறார்கள். 4 மாதம் முதல் 8 மாதத்துக்குள், ஆயுளுக்கு ஒரே முறை. அந்த வயது தாண்டிவிட்டால் வாய்ப்பு போய்விடும். அதனால் கன்று பிறந்த தேதியை சொசைட்டி பால் நோட்டிலேயே எழுதி வையுங்கள். உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த மருந்து இது. காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடுவதில்லை. நாமே வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஊசியும் இல்லை.

ஊசி போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, மாடு கன்று வீசினால் வெறுங்கையால் எதையும் தொடாதீர்கள். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் நாய் இழுக்காதபடி சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். பாலைக் காய்ச்சாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

அதே திட்டத்தில்தான் கோமாரி ஊசியும் வருகிறது. 4 மாதத்துக்கு மேற்பட்ட மாடுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. நிறைசினையாக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். “ஊசி போட்டா பால் குறையும்” என்று கொட்டாயிலிருந்து மாட்டை ஓட்டிப் போய்விடுகிறவர்களை தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பார்க்கிறேன். குறைந்தாலும் சில நாள்தான். கோமாரி வந்தால் வாயெல்லாம் புண்ணாகித் தீவனம் எடுக்காது, குளம்பு வெடித்து நிற்க முடியாமல் தவிக்கும். தேறிய பிறகும் பல மாடுகள் பழைய கறவைக்குத் திரும்புவதில்லை. சொசைட்டிப் பணத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது எத்தனை மாத அடி என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம் காது வில்லை. அதில் இருக்கும் 12 இலக்க எண்தான் மாட்டின் அடையாளம். கால்நடைக் காப்பீட்டுக்கும் அதுதான் ஆதாரம். 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு மாற்றிய விதிப்படி, பிரீமியத்தில் வளர்ப்பவர் பங்கு 15 சதவீதம். 1,000 ரூபாய் என்றால் நீங்கள் கட்டுவது 150. மீதியை ஒன்றிய, மாநில அரசுகள் ஏற்கின்றன. விண்ணப்பிக்க உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மாட்டை ஓட்டிப்போக முடியாத அவசரம் என்றால் 1962க்குப் போன் செய்யலாம், வண்டியோடு மருத்துவர் வருவார். வில்லை கழன்று விழுந்தால் அன்றே மருந்தகத்தில் சொல்லி வேறு போடச் சொல்லுங்கள். மாடு இறந்த பிறகு காதில் வில்லை இல்லையென்றால் இழப்பீடு கிடைக்காது.