கரூரில் தொடங்கிய குதிகால் வலி

ஒரு திங்கட்கிழமை காலை அவர் சுவரைப் பிடித்தபடி என் அறைக்குள் வந்தார். கணக்குப் பிரிவில் வேலை, வயது நாற்பத்தேழு. “தூங்கி எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி இறங்குற மாதிரி இருக்கு மேடம். நாலு அடி நடந்தா கொஞ்சம் பரவாயில்லை. திரும்ப உக்காந்து எழுந்தா அதே வலி” என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். “கரூர்ல இருந்து.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த வாரம் அதே அலுவலகத்திலிருந்து வந்த மூன்றாவது ஆள் அவர்.

நான் இயன்முறை மருத்துவர். சென்னையில் ஓர் அலுவலக வளாகத்துக்கு வாரம் இரண்டு நாள் போகிறேன். அங்கே ஒரு நிறுவனம் நடைப் போட்டி ஒன்றை அறிவித்திருந்தது. அணிக்குப் பத்துப் பேர். ஒவ்வொருவரும் அன்றாடம் நடக்கும் தூரத்தைச் செயலி கூட்டி, வரைபடத்தில் அணியின் புள்ளியை நகர்த்தும். கன்னியாகுமரியில் புறப்பட்டு, தேசிய நெடுஞ்சாலை 44 வழியே ஸ்ரீநகர் போய்ச் சேர வேண்டும். சுமார் 3,700 கிலோமீட்டர், அறுபது நாள். மதுரையைத் தொட்டால் ஒரு படம், சேலத்தைத் தொட்டால் ஒரு படம் என்று திரையில் வரும். யார் முன்னால், யார் பின்னால் என்பது உணவுக்கூடத்துத் திரையிலும் ஓடும்.

இந்த யோசனை எனக்குப் பிடிக்கும், இப்போதும் பிடிக்கும். ‘தினமும் நடங்க’ என்று முப்பது பேரிடம் சொன்னால் மூன்று பேர் நடப்பார்கள். ‘நம்ம அணி இன்னைக்குத் திண்டுக்கல் தாண்டணும்’ என்றால் பத்துப் பேரும் எழுந்துகொள்கிறார்கள். ஸ்டெபத்லான் என்ற இதே வகைப் போட்டியைப் பற்றிய ஆய்வு 2016இல் அமெரிக்க இதயவியல் கல்லூரியின் இதழில் வந்தது. ஐந்து பேர் அணிகள், நூறு நாள், கற்பனையாக உலகைச் சுற்றும் பயணம். 69,219 பேரின் கணக்கு. முடிவில் சராசரியாக ஒருவர் நாளொன்றுக்கு 3,519 அடிகள் கூடுதலாக நடந்திருந்தார், எடை ஒன்றரைக் கிலோ அளவு குறைந்திருந்தது. பங்கேற்றவர்களே சொன்ன கணக்கு அது, போட்டியில் சேராதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. அதனால் அப்படியே தூக்கிப் பிடிக்கத் தேவையில்லை. ஆனாலும் நாற்காலியை விட்டு எழுப்பும் வேலையை இது செய்கிறது என்பதை நானே கண்ணால் பார்க்கிறேன்.

சரி, அப்புறம் குதிகால் ஏன் வலிக்கிறது?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 3,700ஐப் பத்துப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 370 கிலோமீட்டர். அறுபது நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நம் ஊர் ஆட்களின் உயரத்துக்கு அது எட்டாயிரத்து ஐந்நூறு அடிகளுக்குக் குறையாது. உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களில் என்னிடம் வரும் பலர் மூவாயிரத்தைத் தாண்டாதவர்கள். அதாவது, போட்டி தொடங்கிய முதல் நாளே தன் வழக்கத்தைப் போல மூன்று மடங்கு நடந்தால்தான் அணி நேரத்துக்குப் போய்ச் சேரும். அறிவிப்பு எழுதியவர் யாரும் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள்.

அவருடைய அணி பத்தாம் நாள் கரூரில் நின்றது. முதலிடத்து அணி கிருஷ்ணகிரியைத் தாண்டியிருந்தது. வாட்ஸ்அப் குழுவில் அணித்தலைவர் ஆளாளுக்கு எண்ணிக்கை போட்டு, கடைசி மூன்று பெயர்களுக்குப் பக்கத்தில் ஆமைப் படம் வைத்தார். மூன்றில் ஒன்று இவருடைய பெயர். அன்றிரவு சமையல் முடித்துவிட்டு மொட்டை மாடியில் செருப்பில்லாமல் பதினோரு மணி வரை நடந்திருக்கிறார். அந்த வாரம் முழுக்கத் தினமும் பதினான்காயிரம் அடிகள்.

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடி வரை, பாதத்துக்கு அடியில் கெட்டியான பட்டை போன்ற ஒரு திசு ஓடுகிறது. வில்லுக்கு நாண் மாதிரி. ஒவ்வோர் அடியிலும் அது இழுபட்டுத் தளர்கிறது. பழகிய அளவு இழுத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஒரே வாரத்தில் நாலு மடங்கு இழுத்தால், குதிகாலில் ஒட்டியிருக்கும் இடத்தில் நைந்து போகிறது. இரவெல்லாம் சுருங்கிக் கிடந்ததைக் காலை முதல் அடி சட்டென்று இழுக்கும்போதுதான் அந்த ஆணி இறங்குகிறது.

வெறுங்கால் இன்னொரு காரணம். நம் வீடுகளில் தரையெல்லாம் டைல்ஸ். வீட்டுக்குள் செருப்பு போடுவதை நாம் மரியாதைக் குறைவாக நினைக்கிறோம். வலி வந்துவிட்டால் வீட்டுக்கென்று தனியாக மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்கிற வைத்தியத்தில் பாதி அதுதான். மீதி: கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் கால் விரல்களைக் கையால் பின்னோக்கி இழுத்துப் பத்து எண்ணிக்கை பிடிப்பது, கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, உறையவைத்த தண்ணீர்ப் பாட்டிலைப் பாதத்துக்கடியில் உருட்டுவது, நடையைச் சில வாரத்துக்குக் குறைப்பது. கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள். “நான் நிறுத்தினா அணி நின்னுடும் மேடம்.”

இந்த ஒரு வாக்கியம்தான் என்னை இதை எழுத வைத்தது. தனியாக நடப்பவர் வலித்தால் நிற்கிறார். அணிக்காக நடப்பவர் நிற்பதில்லை.

குதிகாலாவது வலித்துச் சொல்கிறது. எலும்பு அத்தனை சீக்கிரம் சொல்லாது. புதிய பாரம் ஏறும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுப் பிறகு புதிதாகக் கட்டுகிறது. இடைப்பட்ட வாரங்களில் அது முன்பைவிட பலவீனமாக இருக்கும். தசை அதற்குள் தேறிவிடுவதால் ‘இப்ப எவ்வளவு வேணும்னாலும் நடக்கலாம்’ என்று தோன்றுவதும் அதே சமயம்தான். பாதத்தின் மேல்புறத்தில், விரல்களுக்குச் சற்றுப் பின்னால், ஓரிடத்தில் விரலால் அழுத்தினால் சுருக்கென்று வலித்து, வீக்கமும் இருந்தால் அன்றே நடையை நிறுத்துங்கள். எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். 1855இல் பிரஷ்யப் படையின் மருத்துவர் பிரைத்தாப்ட் நெடுந்தூரம் அணிவகுத்த வீரர்களின் பாதங்களில் இதைக் கவனித்து எழுதினார். ‘அணிநடை முறிவு’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. எனக்கு வந்த அப்படிப்பட்ட ஒருவருக்கு முப்பத்திரண்டு வயது. அவருடைய அணியில் அவர்தான் முதலிடம்.

பத்தாயிரம் என்ற எண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இது மருத்துவர்கள் உட்கார்ந்து முடிவுசெய்த அளவு என்றே பலர் நம்புகிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965இல், ஜப்பானில் ஓர் அடி எண்ணும் கருவி விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் ‘மான்போ-கெய்’, பத்தாயிரம் அடி அளவி என்று பொருள். அங்கிருந்து புறப்பட்ட எண் இது. 2019இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர், சராசரி வயது 72 உள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து எழுதிய ஆய்வில், நாளொன்றுக்கு 2,700 அடிகள் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களின் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. இளவயதினருக்கு இதே எண் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரத்துக்கு வருபவர்தான் அதிகம் பெறுகிறார் என்பது முக்கியமானது. உணவுக்கூடத்துத் திரையில் அவர்தான் கடைசி வரிசையில் இருப்பார். ஆமைப் படம் அவருக்குத்தான் போகும்.

இன்னொன்றையும் அந்தத் திரை காட்டுவதில்லை. புடவையில் பாக்கெட் கிடையாது. காலை ஐந்து மணியிலிருந்து அடுப்படிக்கும் குழாயடிக்கும் மாடிக்கும் நடக்கும் பெண்ணின் போன் அலமாரியில் சார்ஜில் இருக்கிறது. அந்த நடை எந்த ஊரையும் தொடுவதில்லை. அடி எண்ணும் கைப்பட்டை கட்டியிருந்தாலும், இரண்டு கையிலும் காய்கறிப் பை இருந்தால் கை வீசாது, பல பட்டைகள் அதைச் சரியாக எண்ணாது. இன்னொரு பக்கம், பிள்ளையைத் தூங்கவைக்கும் தூளியில் போனைப் போட்டு ஆட்டி எண்ணிக்கை ஏற்றியவரையும் எனக்குத் தெரியும். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆமைப் படத்துக்குப் பயந்துதான் செய்தார்.

ஹைதராபாத் தாண்டியதும் வேறொரு சிக்கல் வந்தது. அங்கிருந்து நாக்பூர் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். போட்டியின் மூன்றாம், நான்காம் வாரம் அந்தச் சாலையில்தான் கழிகிறது. நமக்குப் பரிச்சயமான ஊர்ப் பெயர்கள் தீர்ந்துவிட்டன. பாதிப் பேர் அங்கேயே கழன்றுகொண்டார்கள். அடுத்த முறை நான் அந்த இடத்துக்கென்றே ஒரு கதை வைத்திருந்தேன். நாக்பூருக்கு முன்னால் அதே நெடுஞ்சாலையில் ஹிங்கன்காட் என்ற ஊர் வருகிறது. வில்லியம் லாம்ப்டன் 1802இல் நம் பரங்கிமலை அருகே சங்கிலி போட்டு, மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான அடிக்கோடு ஒன்றை அளந்து, இந்தியாவை அளக்கும் வேலையைத் தொடங்கினார். தெற்கிலிருந்து வடக்கே அளந்துகொண்டே போனவர், 1823இல் ஹிங்கன்காட்டில் இறந்துபோனார். வேலையை அவருக்குப் பின் வந்தவர்கள் இமயம் வரை கொண்டுபோனார்கள். இதைப் படத்தோடு அனுப்பியபோது, விட்டுப்போயிருந்த நாலைந்து பேர் திரும்ப வந்தார்கள். “பரங்கிமலை நம்ம ஸ்டேஷனாச்சே” என்று ஒருவர் எழுதினார். எனக்கு அன்று மிகுந்த சந்தோஷம்.

ஆம், அடுத்த முறை ஒன்று நடந்தது. ஒரு வருடம் கழித்து அதே நிறுவனம் மீண்டும் போட்டி வைக்க நினைத்தபோது, விதிகளை எழுத என்னையும் உட்காரவைத்தார்கள்.

முதல் வாரம் புள்ளி நகரவே இல்லை. அவரவர் வழக்கமாக எவ்வளவு நடக்கிறார் என்று மட்டும் குறித்துக்கொண்டோம். அதிலிருந்து வாரத்துக்கு ஆயிரம் அடிக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொன்னேன். அறுபது நாளைத் தொண்ணூறு ஆக்கினோம். தூரத்தை விட்டுவிட்டு நேரத்துக்கு மாறினோம்: பத்து நிமிடம் நடந்தால் அணிக்கு ஒரு கிலோமீட்டர், வேகம் எதுவானாலும். இப்படிப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு நாற்பது நிமிடத்துக்குச் சற்று மேல், அதையும் துண்டு துண்டாக நடக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன வாரம் 150 முதல் 300 நிமிடம் என்ற அளவுக்குள் இது அடங்குகிறது. ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தால் அது கணக்கில் சேராது. வாரத்தில் ஒரு நாள் எல்லோருக்கும் ஓய்வு, அன்று எந்த அணியும் நகராது. தனிநபர் எண்ணிக்கை திரையிலும் வராது, மேலாளர் கைக்கும் போகாது. இந்தக் கடைசி விதிக்குத்தான் நான் அதிகம் வாதாட வேண்டியிருந்தது.

நேரத்துக்கு மாறியதில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. சிறுவயதில் போலியோ வந்த ஊழியர் ஒருவர் அங்கே சக்கர நாற்காலியில் வேலைக்கு வருகிறார். முதல் போட்டியில் அவரை யாரும் கூப்பிடவே இல்லை, அவருக்கு எண்ண அடிகள் இல்லை. இப்போது அவர் வளாகத்தைச் சுற்றிக் கையால் உருட்டிக்கொண்டு போகும் இருபது நிமிடம் அணிக்கு இரண்டு கிலோமீட்டர். தோள்பட்டைக்கு எப்படிப் பயிற்சி தருவது என்று நானும் அவரும் உட்கார்ந்து தனியாகத் திட்டம் போட்டோம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சில வார்த்தை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இண்டியாப்’ ஆய்வு 2023இல் வெளியானது. அது நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. பத்துப் பேர் அணி என்றால் ஓரிருவராவது இருப்பார்கள். இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைச் சட்டென இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட நடை போகக் கூடாது. பையில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ இருக்கட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடப்பது ஏறும் சர்க்கரையைக் கட்டுப்படுத்த நல்லது. பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால், போட்டியில் சேரும் முன் மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள். கொப்புளம் வந்தால் வலிக்காது, அதுதான் ஆபத்து. தினமும் இரவு விரலிடுக்கையும் உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள். யாராக இருந்தாலும், நடக்கும்போது நெஞ்சு இறுகினால், தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினால், அங்கேயே உட்கார்ந்து 108ஐ அழையுங்கள். அணி காத்திருக்கும்.

கரூரில் குதிகால் போனவர் இரண்டாம் முறையும் சேர்ந்தார். வேண்டாம் என்று சொல்வேனோ எனத் தயங்கித் தயங்கித்தான் வந்து கேட்டார். மூன்று மாதம் கழித்து, மதியச் சாப்பாடு முடிந்து வளாகத்துக்குள் நடந்துகொண்டிருந்தவரை வழியில் பார்த்தேன். காலில் நல்ல தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“பனிஹால் சுரங்கத்துக்குள்ள, மேடம். எட்டரை கிலோமீட்டர் சுரங்கமாம். இன்னைக்கு என் பங்கு ஒன்றரை. மீதிய அந்தப் பசங்க பாத்துக்குவாங்க” என்று சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. லிஃப்ட் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.