தேய்மானம், அரிப்பு, துரு: மூன்றும் ஒன்றல்ல

போன வாரம் ஒரு பம்பு பராமரிப்புக் கையேட்டின் தமிழாக்கத்தைப் படித்தேன். 'அணியும் எதிர்ப்புத் தகடு' என்று ஒரு வரி. ஆங்கிலத்தில் சட்டை அணிவதற்கும் உலோகம் தேய்வதற்கும் ஒரே சொல், 'wear'. மொழிபெயர்த்த மென்பொருள் சட்டையைப் பிடித்துக்கொண்டது, திருத்தியவர் கவனிக்கவில்லை. இதையாவது மன்னிக்கலாம், படித்ததும் தவறென்று தெரிந்துவிடுகிறது. அடுத்த பக்கம்தான் பொறுக்கவில்லை: 'இம்பெல்லர் அரிப்பு அடைந்தால் மேல்பூச்சு பூசவும்.' இம்பெல்லர் என்பது பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம். அதில் எந்த அரிப்பு? மணல் தின்றதா, துருப்பிடித்ததா? மணல் தின்ற இடத்தில் பெயின்ட் அடித்தால், அடுத்து வரும் மணல் அதையும் வழித்துக்கொண்டு போய்விடும்.

முதலில் தேய்மானம். 'தேய்' பழைய வினை. 'அரம்பொருத பொன்போலத் தேயும்' என்கிறது 888-ஆம் குறள். அங்கே பொன் என்பதற்கு இரும்பு என்றே பொருள் கொள்கிறார் பரிமேலழகர். உலோகம் உரசி உரசிக் குறைவதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். பேரிங், புஷ், பல்சக்கரம் எல்லாம் தேய்கின்றன. பட்டறையிலும் 'தேஞ்சு போச்சு' என்றுதான் சொல்கிறார்கள். 1953-இல் ஆர்ச்சர்ட் என்ற ஆய்வாளர் தந்த சூத்திரமும் இதைப் பற்றியதுதான்: சுமையும் உரசும் தூரமும் கூடினால் தேய்மானம் கூடும், பரப்பின் கடினம் கூடினால் குறையும்.

தகராறு 'அரி'யில் இருக்கிறது. கறையான் மரத்தை அரிக்கும், ஆறு கரையை அரிக்கும். மண் அரிப்பு, கடல் அரிப்பு எல்லாம் நமக்குப் பழகியவை. ஓடும் நீரும் அதில் வரும் மணலும் மோதி மோதி உலோகத்தைக் கொண்டுபோனால் அதுவும் அரிப்புதான். ஆனால் வேதிவினையால் உலோகம் கெடுவதற்கு, அதாவது 'கரோஷ'னுக்கு, பாடநூல்களில் 'அரிமானம்' என்று இருக்கிறது. அரிப்பு ஒன்று, அரிமானம் வேறொன்று என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? வினை ஒன்றே, விகுதிதான் வேறு. அந்த விகுதிக்கும் வேதியியலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வருமானம், பெறுமானம், தேய்மானம் என்று அடுக்கிப் பாருங்கள். வந்தது எவ்வளவு, பெறுவது எவ்வளவு, தேய்ந்தது எவ்வளவு என்று அளவின் சாயல்தான் தெரியும். அப்படியானால் அரிமானம் என்பது அரிப்பில் போன அளவு என்றுதானே காதில் விழும்? கணக்கெழுதுபவர் இயந்திரத்தின் மதிப்பு குறைவதைத் தேய்மானம் என்று சொல்வதும் இந்தச் சாயலில்தான்.

ஆங்கிலத்தில் அரிப்பைக் குறிக்கும் 'இரோஷன்', வேதிவினையைக் குறிக்கும் 'கரோஷன்' இரண்டுக்கும் லத்தீனில் வேர் ஒன்றுதானே என்பார்கள். ஆம், கொறித்தல் என்று பொருள்படும் 'ரோடெரே'தான் இரண்டுக்கும் வேர். ஆனால் அங்கே முன்னொட்டுகள் வேறு, நெடுங்காலப் புழக்கத்தில் பொருளும் பிரிந்து நிலைத்துவிட்டது. இரும்புக்குத் துரு, செம்புக்குக் களிம்பு என்று கைவசம் சொல் வைத்திருக்கும் நாம் ஏன் இப்படி முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும்? அலுமினியத்துக்கும் சேர்த்துப் பொதுச்சொல் தேவைப்படுகிற இடத்தில் 'வேதியரிப்பு' என்று எழுதலாம். கேட்டவுடனே புரியும்.

மூன்றையும் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு இந்தக் குழப்பம் வராது. தேய்ந்த தண்டு பளபளப்பாக இருக்கும், நகத்தால் வருடினால் உரசிய திசையிலேயே மெல்லிய கோடுகள் தட்டுப்படும். துருப்பிடித்த இரும்பு சொரசொரப்பாக விரலில் செம்பொடியை ஒட்டிவிடும். மணல் அரித்த இம்பெல்லரோ விளிம்பில் தகடாக மெலிந்து, ஆற்று மணலில் விழும் அலைவரி போல நெளிந்திருக்கும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்குமுன் ஒரு பழைய பம்பைப் பிரித்துப் பார்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

சொல் மாறினால் மருந்தும் மாறிவிடும். தேய்மானத்துக்கு எண்ணெய்ப் படலம் வேண்டும், அல்லது எஃகின் மேற்பரப்பில் கார்பனோ நைட்ரஜனோ ஏற்றிக் கடினமாக்க வேண்டும். அரிப்புக்கு மணல் எந்தக் கோணத்தில் மோதுகிறது என்று பார்க்க வேண்டும். சாய்வாக வந்தால் கடினமான பரப்பு தாங்கும். நேராக வந்து மோதினால் அதே பரப்பு நொறுங்கலாம், அங்கே ரப்பர் உறை தாக்குப்பிடிக்கும். வேதியரிப்புக்குக் குரோமியம். எஃகில் அது குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் படிந்து காக்கும்.

அப்புறம் இந்த 'எதிர்ப்பு'. உலோகம் யாரையும் எதிர்ப்பதில்லை, தாங்குகிறது. 'தேய்மான எதிர்ப்பு மிகுந்த எஃகு' என்பதைவிட 'எளிதில் தேயாத எஃகு' நல்ல தமிழ். பெயர்ச்சொல்தான் வேண்டுமென்றால் தாங்குதிறன் இருக்கிறது.

அரிப்பும் வேதியரிப்பும் சேர்ந்து வரும் இடமும் உண்டு. மணல் கலந்த கடல்நீர் ஓடும் குழாயில் மணல் அந்த ஆக்சைடு படலத்தைச் சுரண்டும், வெறுமையான இடத்தை உப்புநீர் தின்னும், மறுபடி படலம் படியும், மறுபடி மணல் சுரண்டும். தனித்தனியாக நடந்தால் போவதைவிடக் கூடுதலாகவே உலோகம் போகும். இதை ஒரு தமிழாக்கத்தில் 'அரிப்பு அரிமானம்' என்று எழுதியிருந்தார்கள். 'மணலரிப்போடு கூடிய வேதியரிப்பு' என்று எழுதியிருந்தால் குழாயில் என்ன நடக்கிறது என்று படிப்பவருக்குத் தெரிந்திருக்கும்.