டொங்கிள் பெட்டியில் உள்ள பெயரை வைத்து ட்ரைவர் தேடாதீர்கள்

போன கிழமை செங்கலடிப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தார். கோழிப்பண்ணையின் சூட்டையும் ஈரப்பதனையும் பார்க்க ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி போர்டு ஒன்றைத் தகரப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறார். தகரத்துக்குள் போர்டின் சொந்த வைஃபை எடுபடவில்லை என்று யூஎஸ்பி டொங்கிள் (துளையில் குத்தினால் வைஃபை தரும் குட்டிக் கருவி) ஒன்று வாங்கிக் குத்தியிருக்கிறார். அது வேலை செய்யவில்லை. நாலு தரம் மெமரி கார்டை அழித்து ஓஎஸ் போட்டிருக்கிறார், நாலு இரவு நித்திரையில்லை. இந்த மாதம் இதே கரைச்சலோடு வந்த ஐந்தாவது ஆள் அவர். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

"அண்ணே, பெட்டியில இருக்கிற மொடல் நம்பரைத் தேடி அந்த ட்ரைவரைத்தானே போட்டேன்" என்றார்.

எல்லாரும் விழுகிற குழி இதுதான். ட்ரைவர் என்பது ஒரு கருவியை ஓஎஸ்ஸோடு பேச வைக்கிற மென்பொருள். பெட்டியில் இருப்பது விற்கிறவர் வைத்த பெயர். ராஸ்பெரி பையில் ஓடுகிற லினக்ஸுக்கு அந்தப் பெயர் தேவையே இல்லை, உள்ளே இருக்கிற சிப் எது என்பதுதான் அதற்குக் கணக்கு. ஒரே பெயரில், ஒரே பெட்டியில் வேறு வேறு சிப் வரும். டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் என்ற டொங்கிளைப் பாருங்கள்: முதல் பதிப்பில் அத்தெரோஸ் ஏஆர்9271, இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் 8188இயுஎஸ். வெளியே பெயர் மாறவில்லை, உள்ளே கம்பனியே மாறிவிட்டது. ஆகவே கல்முனையில் கூட்டாளி வாங்கியது குத்தின உடனே ஓடியது என்பதற்காக உங்களுடையதும் ஓட வேண்டும் என்றில்லை. பெட்டிக்குள் வருகிற குட்டி சிடியில் இருப்பது பெரும்பாலும் விண்டோஸுக்கான ட்ரைவர். அதைத் தூக்கி வையுங்கள்.

டொங்கிளைக் குத்திவிட்டு எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளையை அடியுங்கள். இரண்டு பாதியாக ஓர் எண் வரும். முன்பாதி 0பிடிஏ என்றால் ரியல்டெக், 148எஃப் என்றால் ராலிங்க். பின்பாதிதான் எந்தச் சிப் என்று சொல்லும். தேட வேண்டியது அந்த முழு எண்ணை.

தம்பியின் டொங்கிள் காட்டியது 0பிடிஏ:1ஏ2பி. பார்த்தவுடனே விளங்கிவிட்டது. அது வைஃபை சாதனமாக வரவே இல்லை, விண்டோஸ் ட்ரைவரைச் சுமந்த சிடி ட்ரைவாக வந்து நின்றது. அந்த நிலையில் எந்த ட்ரைவரைப் போட்டும் பிரயோசனம் இல்லை. யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் (usb_modeswitch) என்ற மென்பொருளைக் கொண்டு அந்தச் சிடியை வெளியே தள்ளினேன், எண் மாறியது, 8811சியு சிப் தலைகாட்டியது. இந்த வகைக்கான யூஎஸ்பி ட்ரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 6.2 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. அவருடைய கார்டில் இருந்தது 6.1. புதுப்பித்து, ரீபூட் செய்து, ஐபி லிங்க் (ip link) கட்டளையை அடித்தோம். டொங்கிளின் வைஃபை டபிள்யூலேன்1 (wlan1) என்ற பெயரில் வந்தது.

மறுகா, கரண்ட். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி (dmesg) கட்டளையில் மைனஸ் 71, மைனஸ் 110 என்று பிழைகள் வரிசையாக ஓடினால் ட்ரைவரைத் தொடாதீர்கள், முதலில் சார்ஜரையும் கேபிளையும் மாற்றுங்கள். பை 4 க்கு 5.1 வோல்ட், 3 அம்பியர் வேண்டும். பழைய ஃபோன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் தாங்காது. விசிஜென்சிஎம்டி கெட்-த்ரொட்டில்ட் (vcgencmd get_throttled) கட்டளையை அடித்தால் 0எக்ஸ்0 வர வேண்டும், வேறு எண் வந்தால் கரண்டையோ போர்டின் சூட்டையோ சந்தேகப்படுங்கள். கல்லடி, காத்தான்குடி போலக் கடலோரத்தில் வைத்திருந்தால் யூஎஸ்பி முனையில் உப்புக்காற்றின் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். நீல நிற யூஎஸ்பி 3 துளையில் குத்தி 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் விழுகிறதென்றால் ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள். யூஎஸ்பி 3 இன் இரைச்சல் அந்த அலைவரிசையில்தான் விழுகிறது.

வெளியிலிருந்து எடுத்துக் கம்பைல் செய்த ட்ரைவர் என்றால் இன்னொரு தொல்லை: கெர்னல் மாறினால் அந்த ட்ரைவர் அதோடு சேர்ந்து வராது. கெர்னல் மாறும்போது ட்ரைவரைத் தானாக மறுபடி கம்பைல் செய்கிற டிகேஎம்எஸ் (DKMS) வழியாகப் போடுங்கள், கம்பைலுக்குத் தேவையான, கெர்னலுக்குப் பொருந்திய ஹெடர் கோப்புகளும் இருக்க வேண்டும். தயவுசெய்து, தூரத்துப் பண்ணையில் இருக்கிற போர்டை வீட்டிலிருந்து அப்டேட் செய்யாதீர்கள். உள்ளே நுழைய இருக்கிற ஒரே வழி அந்த வைஃபைதான். அது போனால் மோட்டார் சைக்கிளில் போய்த் தகரப் பெட்டியைக் கழற்ற வேண்டும்.

இவ்வளவும் பார்த்தும் சரிவராவிட்டால் கொண்டு வாருங்கள். டொங்கிளை மட்டுமல்ல, போர்டு, சார்ஜர், கேபிள் எல்லாவற்றையும். கார்டை அழிக்காமல் கொண்டு வாருங்கள், இதுவரை என்னென்ன போட்டீர்கள் என்பது அதற்குள்தான் இருக்கிறது.