தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியலாமா?

வெள்ளவத்தை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: இருபது வயது தாண்டிய கொரோலா ஒன்றை வாங்கப் பார்க்கிறேன், ‘நம் வெயிலுக்குத் தேர்மோஸ்டாட் எதற்கு, கழற்றிவிட்டோம்’ என்று விற்பவர் பெருமையாகச் சொல்கிறார், வாங்கலாமா?

பழைய காரின் பொதுவான நன்மை தீமைகளை விரைவாக முடித்துவிடுகிறேன். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஆகவே பழசு என்றால் மலிவு என்ற கணக்கு கொழும்பில் எடுபடாது. ஆனால் உதிரிப்பாகம் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். கராஜில் பிரித்துப் பார்க்கவும் எளிது. எதிர்ப்பக்கத்தில், கொழும்பின் காலி வீதிக்குக் கடற்பக்கமாக ஆண்டுக்கணக்கில் நின்ற காரின் அடித்தட்டை உப்புக்காற்று அரித்திருக்கும், இறப்பர் குழாய்கள் வெடித்திருக்கும். காரை உயர்த்தி அடியைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் நீர் ஓடும் வழியில் நின்று, எஞ்சின் சூடேறும்வரை அதை மூடிவைக்கும் வால்வுதான் தேர்மோஸ்டாட். மின்கம்பி இல்லை, கணினி இல்லை. சிறிய பித்தளைக் குப்பிக்குள் மெழுகு. அதன் நடுவே இறப்பர் உறைக்குள் ஓர் உருக்கு ஊசி. உருகும்போது மெழுகின் கனவளவு 10 முதல் 15 சதவீதம் வரை பெருக்கிறது. குப்பியோ விரியாது. எனவே மெழுகு இறப்பரை நெரிக்கிறது, இறப்பர் ஊசியைப் பிதுக்கித் தள்ளுகிறது. ஊசியின் மறுமுனை சட்டத்தில் முட்டி நிற்பதால், குப்பியே பின்னோக்கி நகர்ந்து, சுருள்வில்லை அமுக்கி வால்வைத் திறந்துவிடுகிறது!

எப்போது திறப்பது என்பதை மெழுகின் கலவையே தீர்மானிக்கும்; நீளமான ஐதரோகாபன் சங்கிலிகள் கூடினால் உருகுநிலை உயரும். 82 பாகை செல்சியசில் திறக்கத் தொடங்கி 95 அளவில் முழுதாகத் திறப்பது பரவலான வகை. மெழுகு வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும் என்பதால் செப்புத்தூளும் கலக்கிறார்கள். 1930களில் செர்ஜியஸ் வெர்னே இதை உருவாக்கும் முன், எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த துருத்திகளே இந்த வேலையைச் செய்தன. ஆவியை வெளி அழுத்தம் சுருக்கிவிடும். இன்றைய ரேடியேட்டர் மூடியோ அழுத்தத்தை ஏற்றி, நீரை ஏறக்குறைய 120 பாகை வரை கொதிக்காமல் வைத்திருக்கிறது. அங்கே துருத்தி தடுமாறும்; மெழுகுக்கு அந்த அழுத்தம் ஒரு பொருட்டேயில்லை.

இதைத்தான் குளிர்நாட்டுப் பொருள் என்று கழற்றி எறிகிறார்கள். கொழும்பின் 30 பாகைக்கும் எஞ்சின் விரும்பும் 90 பாகைக்கும் இடையில் இன்னும் 60 பாகை இருக்கிறதே! சூடேறாத எஞ்சின் என்று எண்ணிக் கணினி பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும்; எண்ணெயில் சேரும் ஈரம் ஆவியாகாமல் சேறாகும். வேடிக்கை என்னவென்றால், பல எஞ்சின்களில் தேர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு உண்டு. வால்வு திறக்கையில் அது, ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் குறுக்குவழியை மூடி நீரை ரேடியேட்டருக்குத் திருப்பும். கழற்றிவிட்டால் குறுக்குவழி மூடுவதேயில்லை. சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிப்பாராமலே எஞ்சினுக்குத் திரும்பும். மாலை நெரிசலில் பம்பலப்பிட்டியில் நிற்கும்போது சூடு கூடத்தான் செய்யும்.

சில்லின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. பழம் நசுங்கும், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. செலவு வைக்கும் மூடநம்பிக்கை இதுதான். அது பிறந்த கதையும் விளங்குகிறது: இறப்பர் முதிர்ந்து மெழுகு கசிந்தால் ஊசியைத் தள்ள ஆளில்லை, சுருள்வில் வால்வை மூடியே வைத்திருக்கும், எஞ்சின் கொதித்து, அதன் மேல்மூடியான அலுமினிய ஹெட் வளைந்துவிடும். பழுதானதை மாற்றாமல், அந்த உறுப்பே வேண்டாம் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

மற்றவை சரியென்றால் காரை வாங்குங்கள், புதிய தேர்மோஸ்டாட் பூட்டுங்கள். பூட்டுமுன் அதை நூலில் கட்டி, நீருள்ள சட்டியில் வெப்பமானியோடு தொங்கவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள். அதில் பொறித்திருக்கும் வெப்பநிலையை ஒட்டித் திறக்க வேண்டும். விளிம்பிலுள்ள துளையில் ஆடும் சிறு ஊசி இருந்தால், பெரும்பாலும் அது மேற்பக்கமாக வரவேண்டும்; அடைபட்ட காற்று அந்தத் துளை வழியேதான் வெளியேறும். ரேடியேட்டரில் ஊற்றியிருப்பது துருவைத் தடுக்கும் கூலண்டா குழாய்நீரா என்றும் விற்பவரிடம் கேளுங்கள். குழாய்நீர் என்றால், உள்ளே துருவைக் கழுவும் கூலியையும் விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.