வெளியே உட்கார்ந்திருக்கும் அப்பாக்களுக்கு

போன வாரமும் ஒருவர் வந்தார். திருநங்கையான மகளை (அவர் வாயில் இன்னும் ‘பையன்’தான்) உள்ளே அனுப்பிவிட்டு, “குரூப்ல உட்கார வச்சு எப்படியாவது மனசை மாத்திடுங்க டாக்டர், நான் வெளியே இருக்கேன்” என்றார். இந்த மாதத்தில் நான்காவது ஆள். நான் டாக்டர் இல்லை, உளவியலாளர். அதைத் திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன். மீதியைத் திருத்தாமல் இருக்க முடியவில்லை.

குழு சிகிச்சை யார் மனதையும் மாற்றுவதற்கு நடப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில், திருநராக இருப்பது மனநோய்ப் பட்டியலிலேயே கிடையாது. அப்புறம் எதைக் குணமாக்கச் சொல்கிறீர்கள்? ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்பவர்களிடம் போய்வந்த பிள்ளைகளையும் பார்க்கிறேன். மாறியிருக்க மாட்டார்கள். வீட்டில் பேசுவதை நிறுத்தியிருப்பார்கள். ‘இப்ப அமைதியா இருக்கான்’ என்று பெற்றோர் அதில் நிம்மதி அடைந்திருப்பார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்த அமைதிதான்.

சரி, குழுவில் என்ன நடக்கும்? எட்டுப் பத்துப் பேர், வட்டமாக நாற்காலிகள், ஒன்றரை மணி நேரம். வேலை இடத்தில் எந்தக் கழிப்பறைக்குப் போவது, பழைய பெயரில் கிடக்கும் சான்றிதழை என்ன செய்வது என்று பேச்சு போகும். நடத்துகிற நான் அதிகம் பேசினேன் என்றால் அன்று குழு சொதப்பல்.

பெற்றோருக்குத் தனிக் குழு. பிள்ளை முன்னால் அழ முடியாததை அங்கே அழலாம். ஒரு நாள் ஓர் அம்மா, “நேத்து அவன் வந்தான்… வந்தா…” என்று திணறி நின்றுவிட்டார். தமிழில் வினைமுற்றில்கூட ஆணா பெண்ணா என்று ஒட்டிக்கொண்டு வருகிறதே, எங்கே தப்பிப்பது! எதிரே இருந்த இன்னோர் அம்மா சொன்னார்: “எனக்கும் ஒரு வருஷம் ஆச்சுங்க. தப்பா வந்துட்டா ‘சாரிம்மா’னு சொல்லிட்டு மேல பேசுங்க. நின்னு அழுதீங்கன்னா அவதான் உங்களைத் தேத்தணும்.” இதையே நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், யார் காதிலும் ஏறியதில்லை.

பெயர் அற்ப விஷயம் என்று நினைக்காதீர்கள். 2018இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், இளம் திருநர்களை அவர்கள் தேர்ந்தெடுத்த பெயரில் கூப்பிடும் இடம், வீடோ பள்ளியோ வேலையோ நண்பர் வட்டமோ, ஒன்றே ஒன்று அதிகமானாலே தற்கொலை எண்ணம் 29 சதவீதம் குறைவாக இருந்தது. 129 பேர் கொண்ட சின்ன ஆய்வுதான். ஆனாலும் காசு செலவில்லாத காரியம், செய்து பாருங்களேன்.

எந்தக் குழுவிலும் சேரும் முன் அதை நடத்துபவரிடம் தனியாகப் பேசுங்கள். ‘மாற்றிவிடலாம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளையைக் குழுவுக்கு வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு வராதீர்கள். குழுவில் பார்த்த முகத்தை வெளியே பார்த்தால், அவராகப் பேசும்வரை தெரிந்தவர்போல் காட்டிக்கொள்ளாதீர்கள். சாகிற பேச்சு வந்தால் குழு நாள் வரும்வரை காத்திருக்கவே கூடாது: அன்றைக்கே மனநல மருத்துவர், அதுவரை பிள்ளை தனியாக இருக்கக் கூடாது.

அந்த அப்பாவிடம் பெற்றோர் குழுவின் நாளையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தேன். முதல் நாள் வாயே திறக்க வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும் என்றேன். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.